வெள்ளை வானமும் தேரும்: லண்டன் வெளிச்சத்தில் கேமராவைக் கையாளுதல்

சென்னையில் டிசம்பர் மாத நண்பகலிலும் சூரியன் அடிவானத்துக்கு மேல் 53 டிகிரி உயரத்தில் நிற்கும். அதே நாளில் லண்டனில் அது 15 டிகிரியைத் தாண்டாது. காலை எட்டு மணிக்கு உதித்து, மாலை நான்கு அடிப்பதற்குள் மறைந்துவிடும். ஜூன் மாதத்தில் விடியற்காலை ஐந்துக்கு முன்பே வெயில் வந்துவிடும், இரவு ஒன்பது மணி தாண்டித்தான் போகும். அப்போதும் உச்சிவேளையில் 62 டிகிரிதான். சூரியன் தலைக்கு நேர் மேலே வருவது இந்த ஊரில் கிடையாது.

படம் எடுப்பவருக்கு இது பெரிய சலுகை. நம்மூரில் பதினொரு மணிக்கு மேல் வெளியில் முகங்களை எடுக்க வேண்டாம் என்பார்கள். மேலிருந்து விழும் வெயில் கண்குழிகளை இருட்டாக்கிவிடும். லண்டனின் குளிர்கால நண்பகலில் வெயில் பக்கவாட்டில் வருகிறது. நம்மூரில் சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது கிடைக்கும் அந்த இதமான வெளிச்சம் இங்கே மதியம் பன்னிரண்டுக்கே கிடைக்கும். நாள் குறுகியது என்று வருந்துவதைவிட, அந்தச் சில மணி நேரமும் நல்ல வெளிச்சம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: மேகம். லண்டனில் பல நாட்கள் வானம் நீலமாகவும் இராது, கறுப்பாகவும் இராது. ஒரே வெள்ளையாக, விளிம்பில்லாமல் மூடிக் கிடக்கும். முகத்துக்கு அது மென்மையான வெளிச்சம். ஆனால் அதே வானம் ஃப்ரேமுக்குள் வந்துவிட்டால் கேமரா ஏமாந்துபோகும். இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி அந்த ஏமாற்றத்தைப் பற்றியதுதான்.

முதலில் மூன்று அமைப்புகளைப் பார்த்துவிடுவோம். லென்ஸின் துளை எவ்வளவு திறக்கிறது என்பது அபெர்ச்சர். எவ்வளவு நேரம் வெளிச்சம் உள்ளே விழுகிறது என்பது ஷட்டர் ஸ்பீட். விழுந்த வெளிச்சத்தின் பதிவைக் கேமரா எவ்வளவு தூக்கிக் காட்டுகிறது என்பது ஐஎஸ்ஓ. மூன்றுக்கும் பொதுவான அளவுகோல் ஸ்டாப். ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரட்டிப்பு, ஒரு ஸ்டாப் குறைத்தால் பாதி. ஷட்டரில் 1/250லிருந்து 1/125க்குப் போவது ஒரு ஸ்டாப் கூடுதல். ஐஎஸ்ஓ 400லிருந்து 800க்குப் போவதும் ஒரு ஸ்டாப் கூடுதல். அபெர்ச்சர் எண்கள் மட்டும் 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று ஓடும். இதில் எண் பெரிதாகும்போது துளை சிறிதாகும். இந்த ஏழு எண்களையும் வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்துவிடுங்கள். பிறகு எந்தக் கேமரா கைக்கு வந்தாலும் தடுமாற மாட்டீர்கள்.

இன்னொரு பழைய கணக்கும் உதவும். நல்ல வெயிலில் அபெர்ச்சரை 16இல் வைத்தால், ஷட்டர் ஸ்பீட் ஐஎஸ்ஓ எண்ணுக்குச் சமமாக இருந்தால் போதும். ஐஎஸ்ஓ 200 என்றால் 1/200 விநாடி. மேகம் மூடினால் அதே ஷட்டருக்கு அபெர்ச்சர் 8. கனமாக மூடினால் 5.6. லண்டனில் ஒரே தெருவைக் கடப்பதற்குள் இந்த மூன்று நிலைகளும் வந்துபோகும் நாட்கள் உண்டு. ஆகவே மூன்றையும் கையால் திருகிக்கொண்டிருக்கும் முழு மேனுவல் முறையைத் தொடக்கத்திலேயே பிடித்துக்கொள்ளச் சொல்லும் ஆசிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மாறிக்கொண்டே இருக்கும் வெளிச்சத்தில் அபெர்ச்சர் முன்னுரிமை முறைதான் கைகொடுக்கும். அபெர்ச்சரை நீங்கள் தீர்மானியுங்கள். ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விட்டு, குறைந்தபட்ச ஷட்டர் ஸ்பீடை 1/250 என்று மெனுவில் வரம்பு கட்டுங்கள். நடக்கும் மனிதர்கள் கலங்காமல் விழுவதற்கு அது போதும். மீதிக் கவனத்தை முகங்களுக்குக் கொடுக்கலாம்.

இனி அந்த வெள்ளை வானத்துக்கு வருவோம். கேமராவின் ஒளிமானிக்கு எதிரே இருப்பது என்னவென்று தெரியாது. எதைக் காட்டினாலும் அது சராசரியாக நடுத்தரச் சாம்பல் அளவில் இருக்க வேண்டும் என்று எண்ணி எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்கு வேண்டிய வெளிச்சத்தின் அளவை, கணக்கிடுகிறது. வெள்ளை வானம் ஃப்ரேமில் பாதியைப் பிடித்துக்கொண்டால், ‘வெளிச்சம் மிக அதிகம்’ என்று முடிவுசெய்து எல்லாவற்றையும் இருட்டாக்கும். வானம் சாம்பலாகும், அதன் முன்னே நிற்கும் மாநிற முகம் கரியாகிவிடும். இன்றைய கேமராக்கள் முகத்தைக் கண்டறிந்து ஓரளவு திருத்திக்கொள்கின்றன. ஆனால் கூட்டத்தில், பக்கவாட்டு முகங்களில், பின்னணி வானமாக இருக்கும்போது அந்தத் திருத்தத்தை நம்பிவிட முடியாது.

இதற்கு மருந்து எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்ற பொத்தான். பிளஸ், மைனஸ் குறி போட்டிருக்கும். கேமராவில் வேறு எதைக் கற்றுக்கொள்ளாவிட்டாலும் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். வெள்ளை வானத்தின் முன் நிற்கும் ஒருவரை எடுக்கும்போது பிளஸ் 1 முதல் பிளஸ் 1.7 வரை கூட்டுங்கள். வானம் வெளுத்துப் போகும். போகட்டும், அதில் இழக்க ஒன்றுமில்லை. வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக ஒரு கூட்டம் நின்றால் பிளஸ் 0.7 முதல் 1 வரை கூட்டினால்தான் வேட்டி வெள்ளையாகத் தெரியும்.

எதிர்ப்பக்கமும் உண்டு, அதைப் பலர் சொல்வதில்லை. கறுத்த முகம் ஒன்றை மிக நெருங்கி, ஃப்ரேம் முழுக்க நிரப்பி எடுத்தால், கேமரா அதையும் சாம்பலாக்கவே பார்க்கும். அதாவது வெளுக்கவைக்கும். அந்தத் தோலின் ஆழமான நிறமும் நெற்றியில் படும் ஒளிக்கோடும் போய்விடும். அப்போது மைனஸ் 0.3 முதல் மைனஸ் 0.7 வரை குறைக்க வேண்டும். ஒருவரை உள்ளபடியே காட்டுவது அவருக்குச் செய்யும் மரியாதை. கோடாக் நிறுவனம் 1950களிலிருந்து ஸ்டுடியோக்களுக்கு அனுப்பிய, ‘ஷர்லி’ என்று அழைக்கப்பட்ட நிறச் சோதனை அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைத் தோல் கொண்ட பெண்களின் படமே இருந்தது. அந்த முகத்துக்குப் பொருந்தும்படியே அச்சின் நிறம் சரிபார்க்கப்பட்டது. நம் பழைய ஆல்பங்களில் அம்மாக்களின் முகம் அடையாளம் தெரியாமல் இருண்டு கிடப்பதற்கு அந்த வழக்கத்துக்கும் பங்குண்டு. இன்று பொத்தான் நம் கையில் இருக்கிறது.

வானத்தோடு மல்லுக்கட்டியது நம் தலைமுறை மட்டுமில்லை. மதராஸ் அரசின் புகைப்படக்காரராக இருந்த லினேயஸ் டிரைப், 1858இல் மதுரையிலும் தஞ்சாவூரிலும் எடுத்த படங்கள் லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்திலும் பிரிட்டிஷ் நூலகத்திலும் இருக்கின்றன. அக்கால ரசாயனம் நீல நிறத்துக்கே அதிகம் இணங்கியது. கல் கோபுரத்துக்குச் சரியாக எக்ஸ்போஷர் வைத்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். டிரைப் கோபுரத்தைத்தான் தேர்ந்தெடுத்தார். வெறுமையாகிப்போன வானத்தில் மேகங்களை நெகட்டிவிலேயே கையால் தீட்டினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளை 21 அச்சுகளாக எடுத்து ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளப் படமாக்கியவரும் அவரே. எது முக்கியமோ அதற்கு எக்ஸ்போஷர் வை என்பதற்கு அவருடைய படங்களைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

இப்போது ஒரு நாளை எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் பொருத்திப் பார்ப்போம். மேற்கு லண்டன், வெஸ்ட் ஈலிங், சாப்பல் ரோட்டில் உள்ள ஸ்ரீ கனக துர்க்கை அம்மன் கோயிலின் தேர்த்திருவிழா ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதம் நடக்கிறது. யாழ்ப்பாணத்து முறைப்படி வடம் பிடித்து, சிதறு தேங்காய் உடைத்து, காவடிகளும் பால்குடங்களும் கற்பூரச் சட்டிகளும் சூழத் தேர் தெருவுக்கு வரும். ஆயிரக்கணக்கானோர் கூடும் நாள் அது. பயிற்சிக்கு லண்டனில் இதைவிடச் சிறந்த களம் தமிழருக்குக் கிடையாது. இன்னொரு வசதியும் இருக்கிறது: ஆகஸ்ட் நடுவில் லண்டனின் நண்பகல் சூரியன் ஏறக்குறைய 52 டிகிரியில் நிற்கும், சென்னையின் மார்கழி வெயில் அளவுக்கு.

காலையிலேயே போய்விடுங்கள். தேர் புறப்படும் முன் நடக்கும் ஆயத்தங்களில்தான் முகங்கள் இயல்பாக இருக்கும். பூமாலை கட்டுகிற கைகள், காவடி தோளேறும் முன் கண்மூடி நிற்கும் இளைஞன், பேத்தியின் பாவாடையைச் சரிசெய்யும் அம்மம்மா. இவற்றுக்கு அபெர்ச்சரை 2.8 அல்லது 4க்குத் திறந்து வையுங்கள். பின்னணி கலங்கி, முகம் தனித்து நிற்கும். ஃபோகஸை அருகில் இருக்கும் கண்ணில் வையுங்கள். கண் அறிதல் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளலாம். ஆனால் காவடியின் மயிலிறகும் மாலைகளும் முகத்துக்குக் குறுக்கே வரும்போது அது தவறான இடத்தைப் பிடிக்கும். அப்போது ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாறிவிடுங்கள்.

தேங்காய் உடைப்பது விநாடிக்கும் குறைவான நிகழ்ச்சி. தேங்காய்நீர்த் துளிகள் காற்றில் நின்றாற்போல் விழ 1/1000 வேண்டும். 1/2000 இன்னும் நல்லது. வெயில் இருந்தால் ஐஎஸ்ஓ 800, அபெர்ச்சர் 8 போதும். மேகம் என்றால் அபெர்ச்சரை 4க்குக் கொண்டுவாருங்கள். தேங்காய் கையை விட்டுப் போனபின் ஷட்டரை அழுத்தினால் தாமதம்தான். உடைப்பவரின் கை உயரும்போதே தொடர் ஷாட்டைத் தொடங்கிவிட வேண்டும். பக்கவாட்டில், சற்றுத் தள்ளி நில்லுங்கள். சில்லு பறக்கும், லென்ஸுக்கும் நல்லதல்ல, உங்கள் கண்ணுக்கும் நல்லதல்ல.

காவடி ஆட்டத்துக்கு இரண்டு வழிகள். 1/500 வைத்தால் இறகுகள் கூர்மையாக நிற்கும், ஆட்டம் நின்றுவிடும். 1/30க்கு இறங்கி, ஆடுபவரின் வேகத்துக்குக் கேமராவையும் கூடவே சுழற்றினால் முகம் ஓரளவு தெளிவாகவும், காவடியும் தெருவும் கோடுகளாகவும் விழும். பத்துப் படத்தில் ஒன்று தேறினாலே பெரிய காரியம். அந்த ஒன்றில் மேளச் சத்தம் கேட்கும். ஒரு சிறு தொந்தரவு: பகல் வெளிச்சத்தில் 1/30க்கு அபெர்ச்சரை 16 வரை சுருக்க வேண்டியிருக்கும், ஐஎஸ்ஓவையும் 100க்கு இறக்க வேண்டும். வெயில் நேராக அடித்தால் அதுவும் போதாது. தெருவின் நிழல் பக்கத்துக்குப் போய்விடுங்கள். முடித்ததும் மறக்காமல் பழைய அமைப்புக்குத் திரும்புங்கள்.

ஃப்ரேமுக்குள் எதை எங்கே வைப்பது என்பதற்கு எல்லோரும் சொல்லும் முதல் பாடம் மூன்றிலொரு பங்கு விதி. அதற்கும் இந்த ஊரோடு தொடர்புண்டு. லண்டன் ஓவியரும் செதுக்கோவியருமான ஜான் தாமஸ் ஸ்மித், 1797இல் வெளியிட்ட கிராமியக் காட்சிகள் பற்றிய நூலில் அந்தப் பெயரைச் சொல்லி எழுதினார். வானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு, நிலத்துக்கு ஒரு பங்கு, அல்லது மாற்றி. பாதிக்குப் பாதி பிரிக்காதே என்பது அவர் கருத்தின் சாரம். கேமரா பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்ட நிலக்காட்சி ஓவியத்துக்கான யோசனை இது. உங்கள் கேமராத் திரையில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொண்டால் உதவும். லண்டன் வானம் வெறும் வெள்ளையாக இருக்கும் நாளில் அதற்கு மூன்றில் ஒரு பங்குகூடக் கொடுக்காதீர்கள். அடிவானத்தை மேலே தள்ளுங்கள், அல்லது வானமே வராதபடி சற்று உயரத்தில் நின்று கீழ்நோக்கி எடுங்கள். மழை மேகம் திரண்டு வரும் நாளில் வானத்துக்கு இரண்டு பங்கு கொடுக்கலாம்.

தேர் நேர் எதிரே வரும்போது இந்த விதியை விட்டுவிடுங்கள். தேர் சமச்சீராகக் கட்டப்பட்டது. அம்மன் நடுவில் இருக்கிறாள். அவளை ஓரத்துக்குத் தள்ளி வைத்த படம் கண்ணுக்கு உறுத்தும். தெருவின் நடுக்கோட்டில் நின்று, கேமராவை நிமிர்த்திப் பிடித்து, இருபுறமும் இரண்டு வடங்கள் உங்களை நோக்கி விரிந்து வரும்படி எடுங்கள். வழி மறிக்காமல், தொண்டர்கள் கை காட்டியதும் ஒதுங்குங்கள். தேர் உயரமானது என்பதால் கேமராவை மேல்நோக்கிச் சாய்க்கத் தோன்றும். சாய்த்தால் தேரும் பின்னாலிருக்கும் வீடுகளும் பின்பக்கம் விழுவது போலத் தெரியும். சற்றுத் தூரத்தில் நின்று கேமராவை மட்டமாகப் பிடித்து எடுத்து, கீழே மிஞ்சும் தெருவைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

பின்னணியைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. இந்தத் திருவிழாவை எடுக்கும் பலர், படம் ஊரில் எடுத்தது போல இருக்க வேண்டும் என்று சிவப்புச் செங்கல் வீடுகளையும், ஒளிரும் மஞ்சள் மேலங்கி போட்ட போலீஸ்காரரையும், ஆங்கிலப் பெயர்ப்பலகைகளையும் ஒதுக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். புலம்பெயர்ந்து வந்த மக்கள் ஓர் அந்நியத் தெருவில் தேர் இழுத்தார்கள் என்பதுதான் இங்கே நடக்கும் செய்தி. அது படத்தில் இல்லையென்றால் பேரப்பிள்ளைகளுக்கு எதைக் காட்டப் போகிறோம்? 35 மில்லிமீட்டர் லென்ஸ் இதற்கு ஏற்றது. முன்னே வடம் பிடிக்கும் கை, நடுவே தேர், பின்னே வரிசை வீடுகளின் புகைக்கூண்டுகள் என்று மூன்று அடுக்கும் ஒரே ஃப்ரேமில் தெரிய வேண்டும். அபெர்ச்சரை 8இல் வையுங்கள். ஷட்டரை அழுத்துமுன் நான்கு ஓரங்களையும் ஒருமுறை கண்ணால் சுற்றி வாருங்கள். பாதி வெட்டுப்பட்ட கை, யாரோ நீட்டும் கைபேசி, தலைக்குப் பின்னாலிருந்து முளைத்த விளக்குக் கம்பம் எல்லாம் ஓரங்களில்தான் ஒளிந்திருக்கும். அரை அடி நகர்ந்தாலே பாதி குறைகள் தீரும்.

எல்லாம் கூர்மையாக விழ வேண்டும் என்ற பதற்றத்தையும் குறைத்துக்கொள்ளலாம். கல்கத்தாவில் பிறந்து, 48 வயதில் கேமரா பிடித்த ஜூலியா மார்கரெட் கேமரன், ஃபோகஸ் மங்கலாக இருக்கிறது என்று விமர்சகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். முகம் எந்த இடத்தில் அழகாகத் தெரிந்ததோ அந்த இடத்தில் லென்ஸ் திருகுவதை நிறுத்தினார். அவருடைய படங்களை லண்டனின் சவுத் கென்சிங்டன் மியூசியம் 1865இலேயே வாங்கியது. அதுதான் இன்றைய விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம். 1875இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, அங்கும் தோட்டங்களில் வேலை செய்தவர்களைப் படமெடுத்து, 1879இல் அங்கேயே இறந்தார். மியூசியத்துக்கு நுழைவுக் கட்டணமில்லை. ஒரு மழை நாளில் போய்ப் பழைய முகப்படங்களின் முன் நின்று, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எந்தக் கண் கூர்மை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கோயிலுக்குள் நிலைமை வேறு. முதலில் அனுமதி. மூலஸ்தானத்தைப் படமெடுக்கப் பல கோயில்களில் விடமாட்டார்கள். ஐயரிடமோ நிர்வாகத்தினரிடமோ முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம், வழிபடுபவர்களின் கண்ணைக் கூசவைக்கும், தீபத்தின் பொன்னிறத்தையும் அழித்துவிடும். தீபாராதனையின்போது சுற்றிலும் இருட்டு என்பதால் கேமரா வெளிச்சத்தைத் தூக்கிப் பார்க்கும். மைனஸ் 1 வைத்தால்தான் சுடர் சுடராக நிற்கும், கருங்கல் கறுப்பாக இருக்கும். படத்தின் நிறச் சாயலைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாமல் பகல் வெளிச்சத்தில் நிறுத்தினால் அந்தச் சூடான நிறம் அப்படியே தங்கும்.

எல்இடி விளக்குகள் ஒரு தனித் தலைவலி. பிரிட்டனின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை மங்கி எரியும். நம் கண்ணுக்குத் தெரியாது, வேகமான ஷட்டருக்குத் தெரியும். படத்தில் குறுக்கே பட்டைப் பட்டையாக இருட்டு விழுந்தால் ஷட்டரை 1/100 அல்லது 1/50க்குக் கொண்டுவாருங்கள். பூசையில் சத்தம் வரக்கூடாதென்று மிரர்லெஸ் கேமராவில் ஓசையில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டால் இந்தப் பட்டைகள் இன்னும் அதிகமாகும். மண்டபங்களில் நடக்கும் திருமணம், அரங்கேற்றம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

திருவிழா இல்லாத மாதங்களில் பயிற்சிக்குத் தேம்ஸ் இருக்கிறது. மில்லேனியம் பாலத்தின் நடுவில் நின்றால் செயின்ட் பால்ஸ் தேவாலயத்தின் குவிமாடம் நேர் எதிரே வரும். தேருக்குச் சொன்ன நடுக்கோட்டுப் பாடத்தை அங்கே பழகலாம். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் சூரியன் மறைந்த அரை மணிக்குள், ட்ரைபாடில் கேமராவை வைத்து ஐஎஸ்ஓ 100, அபெர்ச்சர் 11, 2 விநாடி என்று தொடங்குங்கள்; சிவப்புப் பேருந்து ஒளிக்கோடாக ஓடும். பாதையில் நடப்பவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுரங்க ரயில் நிலையங்களில் ஃப்ளாஷும் ட்ரைபாடும் அனுமதியில்லை.

பொது இடத்தில் படமெடுக்க இந்த நாட்டில் சட்டம் தடுப்பதில்லை என்பதற்காகக் கேட்காமல் எடுத்துவிடலாம் என்று பொருளில்லை. தேர்க் கூட்டத்தில் பொதுக்காட்சி எடுப்பது வேறு. தேரின் பின்னே விழுந்து வணங்கி எழுந்தபடி அடி அழித்து வரும் ஒரு பெண்ணின் முகத்தை நெருங்கி எடுப்பது வேறு. அவர் தன் நேர்த்திக்கடனில் இருக்கிறார். அந்த நேரத்தில் தள்ளி நில்லுங்கள். ஓய்ந்து உட்கார்ந்தபின் போய், “அம்மா, ஒரு படம் எடுக்கலாமோ?” என்று கேளுங்கள். பெரும்பாலும் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்காருவார்கள். எடுத்ததைத் திரையில் காட்டுங்கள், இலக்கத்தை வாங்கிக்கொண்டு அன்றிரவே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பிள்ளைகளின் முகம் என்றால் பெற்றோரிடம் கேட்ட பிறகுதான், சமூக ஊடகத்தில் போடுவதற்குத் தனியாகவும் கேட்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் படங்களை இரண்டு இடங்களில் நகலெடுத்துவிட்டு, பேட்டரியைச் சார்ஜில் போடுங்கள். காம்பன்சேஷனைப் பூஜ்ஜியத்துக்கும், ஒயிட் பேலன்ஸைத் தானியங்கிக்கும், ஷட்டர் வரம்பை 1/250க்கும் திருப்பி வைத்துவிட்டுக் கேமராவை உறையில் போடுங்கள்.